திரைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டவர்

என் வீட்டுக்காரருக்கு முதலில் குரல் வந்தது; ஆள் அப்புறம் மெதுவாகத்தான் வந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்ட காலத்தில் பஸ் நிலையத்தில் நின்று ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு. காற்றடித்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டுமோ என்று தோன்றும். ஆனால் வாயைத் திறந்தாரென்றால், நிலையத்தின் அந்தக் கோடியில் தூங்குகிறவன்கூடப் பதறி எழுந்து பெட்டியைத் தேடுவான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சட்டசபைச் செயலாளர் ஒருநாள் காரை நிறுத்தி, "எங்க சபையில ஒரு வேலை இருக்கு, வர்றியாப்பா?" என்று கேட்டாராம். இவர் அது ஏதோ புதுப் பஸ் கம்பெனி என்று நினைத்து, "எந்த ரூட்டுங்க?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் மாநிலம் அப்போது புதிது. இப்போது அந்த மாநிலமே இல்லை. பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டு, பெயரையும் அழித்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அரைப் பக்கம் வருகிறதாம். போன மாதம் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி தேடிக்கொண்டு வந்து, "அந்தத் திங்கட்கிழமை சபாநாயகரா இருந்தது யாரும்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அதைக் கண்டுபிடிக்க முடியாமல்தான் ஒரு மாநிலமே தலையைப் பிய்த்துக்கொண்டது. இஸ்திரி போடுகிறவளிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்ல? எனக்குச் சொல்லத் தெரிந்தது என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அவருக்குக் கொடுத்த வேலைக்கு டவாலி என்று பெயர். வெள்ளை உடுப்பு, குறுக்கே ஒரு பட்டை, கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல். சபாநாயகர் அறையிலிருந்து சபைக்கு ஒரு நீளமான தாழ்வாரம் போகும். அதன் முடிவில் கனமான பச்சைத் திரை. காலையில் சபாநாயகர் அறையை விட்டுக் கிளம்பும்போது இவர் முன்னால் நடக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் போய் நின்றதும் மணி அடிக்கும். மணி ஓய்கிற அதே மூச்சில், "சபாநாயகர் அவர்கள்!" என்று கூப்பிட வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உறுப்பினர்கள் எல்லாரும் நாற்காலி கிரீச்சிட எழுந்து நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் இவர் திரையை விலக்கி ஒதுங்கி நிற்பார். சபாநாயகர் உள்ளே போவார். இவ்வளவுதான் வேலை. இதற்குச் சம்பளம், உடுப்பு, வீடு.

செயலாளர் இவருக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; சபாநாயகர் மாறுவார், கூப்பாடு மாறாது. மணி ஓய்ந்த பிறகு ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் பார்க்கக் கூடாது. சபாநாயகர் பின்னால் வருகிறாரா என்று டவாலி சந்தேகப்படுவது சபைக்கே அவமரியாதையாம். வேலையில் சேர்வதற்கு முன்னால் இவர் வீட்டில் ஒத்திகை பார்த்தார். சமையலறையிலிருந்து வாசல்வரை இவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பின்னால் சபாநாயகராக விளக்குமாறும் கையுமாக நான் நடப்பேன். நடுவழியில் நான் நின்றுவிட்டாலும் மனுஷன் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கம் அவரோடு ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவுக்குப் போனால் முன்னால் விறுவிறுவென்று போவார். ஒருமுறை நான் பாத்திரக் கடையில் நின்றுவிட்டேன். இவர் என்னோடு பேசிக்கொண்டே வீடுவரை போய், கதவைத் திறந்து, "தண்ணி குடு" என்று கேட்டுவிட்டுத்தான் நான் இல்லாததைக் கண்டுபிடித்தார். இவருக்கு முன்னால் இருப்பதுதான் உலகம், பின்னால் என்ன நடந்தாலும் தெரியாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எங்களுக்குக் கொடுத்த வீடு உறுப்பினர்கள் தங்கும் விடுதிக்குப் பின்புறம் இருந்தது. இரண்டு அறை, ஒரு குழாய், துணி காயப்போட நல்ல வெயில் விழும் முற்றம். விடுதி மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரி போடுகிற பெட்டி. எடை என்றால் அப்படி ஒரு எடை. முதல் வருஷம் முழுக்கத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. உறுப்பினர்களை எனக்கு முகத்தைவிடச் சட்டையில்தான் அடையாளம் தெரியும். காலரை வியர்வையில் ஊறவைக்கிறவர் அன்று பேசியிருக்கிறார் என்று அர்த்தம். மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தால் தூங்கியிருக்கிறார். டவாலி பெண்டாட்டி என்பதால்தான் படிக்கட்டுக்குக் கீழே மேசை போட விட்டார்கள். அவர் வேலை போனால் வீடு போகும், வீடு போனால் என் மேசையும் போகும்.

எல்லாக் குழப்பமும் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்ததிலிருந்து ஆரம்பித்தது. யார் தலைவர் என்று முதலமைச்சருக்கும் நிதியமைச்சருக்கும் சண்டை. என் தம்பி சபை கேன்டீனில் டீ மாஸ்டர். அரசியல் என்றால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒரு சாயங்காலம் என் மேசைமேல் டம்ளர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு விளக்கினான்.

"இங்க பாருக்கா. இது முதலமைச்சர். இது நிதியமைச்சர். இந்தப் பக்கம் இருக்கற டம்ளரெல்லாம் இவரு ஆளுங்க. அந்தப் பக்கம் இருக்கறது அவரு ஆளுங்க. சபாநாயகர் இருக்காரே, அவரு நடுவுல இருக்கணும். ஆனா நிதியமைச்சர் பக்கமா சாஞ்சுட்டாரு."

"சரிடா. ஆனா நேத்து அந்தப் பக்கம் இருந்த டம்ளர் இப்ப ஏன்டா இந்தப் பக்கம் இருக்கு?"

"அது கட்சி மாறிடுச்சுக்கா."

"அப்ப காலையில மறுபடியும் மாறுனா?"

அவன் தலையைச் சொறிந்தான். அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு உறுப்பினர் நிதியமைச்சர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். அதோடு பாடம் முடிந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். கோடு போட்ட சட்டை மட்டுமே போடுகிற உறுப்பினர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். தூங்கி எழுந்தால் யார் வண்டி அனுப்புகிறார்களோ அதில் ஏறிப் போய்விடுவார். ஒருநாள் சட்டையை வாங்க வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் இப்ப எந்தப் பக்கம் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? "உங்க சட்டை என்கிட்டதாங்க இருக்கு" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலமைச்சரின் ஆட்கள் விடுதிச் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். பழைய சபாநாயகரை நீக்கிவிட்டோம், துணைச் சபாநாயகர்தான் இனிமேல் சபாநாயகர் என்று தீர்மானம் போட்டார்கள். பழையவர் விட்டுக்கொடுப்பாரா? "சாப்பாட்டு ரூம்ல கை தூக்குனா அது ரெண்டாவது தடவை சோறு கேக்கறதுக்கு. அதுக்குப் பேரு சபையா?" என்று எகிறினார். மறுநாள் காலையில் என் மேசைமேல் இரண்டு அங்கிகள் இருந்தன. சபாநாயகர் போடுகிற கறுப்பு அங்கி எப்போதும் ஒன்றுதான் வரும். அன்று பழையவருடையது ஒன்று, புதியவருக்காக அவசரமாகத் தைத்தது ஒன்று. அதில் தையற்காரன் போட்ட சாக்குக் கோடுகூட அழியவில்லை. இரண்டும் உடனே வேண்டும் என்று வாசலில் இரண்டு டிரைவர்கள் நின்றார்கள்.

இவர் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து இரண்டு அங்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் யாருக்கு முன்னாடி நடக்கறது?"

"என்னைக் கேட்டா? போய் உங்க செயலாளரைக் கேளுங்க."

"அவரு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுட்டாராம்."

கெட்டிக்காரச் செயலாளர். இவர் கோலைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சபையில் பட்ஜெட்மேல் ஓட்டெடுப்பு; அதில் தோற்றால் முதலமைச்சர் ஆட்சி போய்விடும். அன்று நடந்ததை என் தம்பி நேரில் பார்த்தான். டீத் தட்டோடு தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தானாம். அங்கி போட்ட இரண்டு பேரும் அறையை விட்டு ஒன்றாக வெளியே வந்திருக்கிறார்கள். தோளோடு தோள். ஒருவர் முன்னால் போனால் இன்னொருவர் அங்கியைப் பிடித்து இழுக்கிறார். "நீ தள்ளு", "நீங்க தள்ளுங்க". இவர் திரைக்கு இந்தப் பக்கம் சிலைபோல நிற்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு. மணி அடித்தது. மணி ஓய்ந்தது. இவர் வாய் தானாகத் திறந்து, "சபாநாயகர் அவர்கள்!" என்றது.

உள்ளே சபை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. இரண்டு கட்சி ஆட்களும்தான். அந்தக் குரலைக் கேட்டால் எழுந்திருப்பது அவர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. திரை விலகியதும் இரண்டு கறுப்பு அங்கியும் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டு நின்றன. பிறகு இருவரும் ஓடிப்போய் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பழையவர், "ஆட்சி தோற்றது, சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். புதியவர், "பட்ஜெட் நிறைவேறியது, சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். சபை ஒத்திவைக்கப்பட்டது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் எல்லாரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

இப்போது முதலமைச்சர் யார், பட்ஜெட் உண்டா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் சபை விதியைப் புரட்டினார்கள். டவாலி யாரை அழைத்து, சபை யாருக்கு எழுந்து நிற்கிறதோ, அவரே அன்றைய சபாநாயகர் என்று அதில் இருந்ததாம். சபை எழுந்து நின்றபோது திரை மூடியிருந்தது. பின்னால் நின்றவர்களோ இரண்டு பேர். ஆக, டவாலி யாரை மனசில் வைத்துக் கூப்பிட்டார் என்பது ஒன்றுதான் கேள்வி. கவர்னர் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியை விசாரிக்கச் சொன்னார். ஒரு மாநிலத்தின் தலைவிதி என் வீட்டுக்காரர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் தம்பி வந்து நிலைமையைச் சொன்னான். "மாமா, பழையவர்னு சொன்னீங்கன்னா முதலமைச்சர் ஆளுங்க உங்களை விடமாட்டாங்க. புதியவர்னு சொன்னா நிதியமைச்சர் ஆளுங்க விடமாட்டாங்க. ஆனா ஏதாவது ஒரு பக்கம் உங்களைக் காப்பாத்தும். வேலை தப்பும், வீடு தப்பும். யாரையும் கூப்பிடலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆள் இல்லாம சபையை எழுப்பிவிட்டா அது பெரிய குத்தமாம். அப்புறம் உங்களைக் காப்பாத்த ஒரு நாதியும் இல்ல."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"யாரைத்தாங்க கூப்பிட்டீங்க?" என்றேன்.

"தெரியல."

"தெரியலையா? உங்க வாயிதானே கூப்பிட்டுச்சு?"

"வாயிதான் கூப்பிட்டுச்சு."

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சுதான். காலையில் கேட்பேன், தெரியல. துணி மடிக்கும்போது கேட்பேன், தெரியல. ஒருநாள் பழையவர் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்பேன். மறுநாள் புதியவர் பெயர்தான் நல்லது என்று படும். எதற்கும் பிடி கொடுக்க மாட்டார். ஏதோ தெரிந்துகொண்டுதான் மனுஷன் மென்று முழுங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஊருக்கு மறைக்கட்டும், எனக்குமா? கட்டிய பெண்டாட்டியை நம்பாதவரோடு என்ன குடும்பம் என்று பொருமிக்கொண்டு சட்டைகளை அழுத்தித் தேய்த்தேன். பொத்தான் பல உடைந்தது அந்த நாட்களில்தான்.

புதியவர் இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார். அன்றைக்கே பழையவர் அந்த உத்தரவு செல்லாது என்று சொல்லி, இவரைத் தலைமை டவாலி ஆக்கி இன்னொரு உத்தரவு போட்டார். சபையில் இருந்ததே ஒரு டவாலிதான். யாருக்குத் தலைமை என்று கேட்காதீர்கள். இவர் வேலையில் இருக்கிறாரா, இல்லையா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார். உள்ளே போனால் ஒருவர் உத்தரவை மீறியதாகும், போகாவிட்டால் மற்றவர் உத்தரவை மீறியதாகும். அதனால் சபை வாசலில் இருந்த கட்டைச் சுவரில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறினால் காலை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

இரண்டு பக்கத்து ஆட்களும் எங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். புதியவரின் உதவியாளன் வந்து, "எங்க ஐயா பேரைச் சொல்லிடுங்கண்ணே, இந்த வீட்டை உங்க பேருக்கே எழுதி வெச்சுடலாம்" என்றான். அவன் போன பிறகு நான் சுவரைத் தடவிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முற்றத்தில் ஒரு கொட்டகை போட்டால் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். பழையவர் ஆளை அனுப்பவில்லை, தானே வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அங்கி இல்லாமல் பார்த்தால் நம் பெரியப்பா மாதிரி இருந்தார்.

"இத்தனை வருஷமா எனக்கு முன்னாடிதானே நடந்தே? வேற யாரைக் கூப்பிட உனக்கு வாய் வரும்? எனக்காக இல்லப்பா, உன் மனசாட்சிக்குச் சொல்லு."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்மேல் இவருக்கு உயிர். சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார் என்று நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஐயா, உங்களைக் கூப்பிட்டேன்னு சொல்லணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அப்படி நெனச்சதா ஞாபகம் இல்லீங்க."

பெரியவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் துணி என் மேசைக்கு வரவில்லை.

அன்று நான் போட்ட சண்டை விடுதி முழுக்கக் கேட்டிருக்கும். "இல்லாத பொல்லாததைச் சொல்லி ஊரே பொழைக்குது. ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிடும்? இல்ல, என்கிட்ட எதையோ மறைக்கறீங்க. அதையாவது ஒத்துக்கோங்க!" என்று கத்தினேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

விசாரணை சபையின் நூலக அறையில் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி, பக்கத்தில் தட்டச்சு செய்கிற அம்மா. இந்தப் பக்கம் இரண்டு சபாநாயகர்களும் ஆளுக்கொரு வக்கீலோடு. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு அங்கியில் எதை முதலில் இஸ்திரி போட்டேன் என்று கேட்டார் நீதிபதி. இரண்டு வக்கீல்களும் கழுத்தை நீட்டினார்கள்.

"மேல இருந்ததை முதல்ல போட்டேங்க."

"மேல இருந்தது யாரோடது?"

"பாக்கலைங்க. ரெண்டு டிரைவரும் வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சா நான் எதைப் பாக்கறது?"

நீதிபதி பெருமூச்சு விட்டு என்னை உட்காரச் சொன்னார். அடுத்தது இவர். கோல் இல்லாமல் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார், விட்டார், மறுபடியும் கட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சின்ன அறையில் அவர் குரல் கண்ணாடி அலமாரியை அதிர வைத்தது.

"மணி ஓய்ஞ்சதும் யாரை மனசுல வெச்சுக் கூப்பிட்டீங்க? பயப்படாம சொல்லுங்க" என்றார் நீதிபதி.

இவர் கட்டிய கையை மறுபடியும் விட்டார்.

"பழைய சபாநாயகரையா?"

"இல்லீங்க."

பழையவர் முகத்தில் ஈயாடவில்லை. புதியவரின் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப புதியவரையா?"

"அவரையும் இல்லீங்க."

"பின்னே யாரைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார்.

"என் சம்சாரத்தை நெனச்சுக்கிட்டு இருந்தேங்க."

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பழையவர்கூடச் சிரித்தார். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று இருந்தது. பெரிய மனுஷர்கள் கூடியிருக்கிற இடத்தில் இப்படியா ஒரு ஆள் மானத்தை வாங்குவது?

"அன்னிக்குக் காலையில இவ கையைச் சுட்டுக்கிட்டாங்க" என்றார் இவர். "ரெண்டு அங்கியும் அவசரம்னுட்டாங்க. பெட்டி வழுக்கி உள்ளங்கையில பட்டுருச்சு. ஐயோன்னு ஒரு சத்தம் போடல. கையை முந்தானையில சுத்திக்கிட்டு அடுத்த அங்கியைப் போட ஆரம்பிச்சுட்டா. நான் பாத்தது அவளுக்குத் தெரியாது. டிரைவருங்க நின்னதால நானும் கேக்காம வந்துட்டேன். திரைகிட்ட நிக்கும்போது அதே நெனப்பு. அந்தக் கையோட மறுபடியும் பெட்டியைத் தூக்கியிருப்பாளே, மருந்து போட்டாளோ என்னவோன்னு. மணி அடிச்சது மட்டும் காதுல விழுந்துச்சு. வாய் கூப்பிட்டுருச்சு. எனக்குப் பின்னாடி யாரு நின்னாங்க, எத்தனை பேரு நின்னாங்க, ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. மன்னிச்சுக்கணும்."

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. நான் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து, புதுத் தோல் வந்து, ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் தம்பியிடம்கூட. அங்கியில் பட்டிருந்தால் காசு பிடிப்பார்களே என்றுதான் அன்று பயந்தேன். இந்த மனுஷன் கண்ணில் எதுவும் படாது என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, பாவி, வீட்டைத் தொலைத்துவிட்டாரே என்று ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று நீதிபதி கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

டவாலி யாரையும் அழைக்கவில்லை, ஆகவே சபை யாருக்காகவும் எழவில்லை, ஆகவே அன்று சபையே கூடவில்லை என்று நீதிபதி எழுதிவிட்டார். பட்ஜெட் இல்லை, தோல்வியும் இல்லை. கவர்னர் சபையைக் கலைத்தார். அடுத்த தேர்தல் வருவதற்குள் மாநிலத்தையே பக்கத்து மாநிலத்தோடு சேர்த்தார்கள். இவரைக் குற்றம் சாட்டிப் பணியிலிருந்து நீக்கினார்கள். மறுபடியும் பஸ் நிலையத்தில் போய் நின்று கூவினார்; குரல் போகும்வரை கூவினார். இரண்டு சபாநாயகர்களும் பிற்பாடு ஒரே கட்சியில் சேர்ந்து ஒரே மேடையில் கைகோத்து நின்றார்கள். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து ணங்கென்று வைத்தேன்.

"தெனமும் கேட்டேனே, அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேத்து மனுஷியா?"

"சொன்னா, வீடு போனதுக்கு என் கைதான் காரணம்னு நெனச்சுக்குவே. காலம் பூரா அதையே சொல்லி அழுவே. அதனாலதான் தெரியலைன்னு சொன்னேன்."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

"சத்தியம் வாங்கிட்டாங்களே."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் பயந்தது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர் இருந்தவரை நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோது அவர் வண்டி பேசி வரப் போயிருந்தார். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.